கராஜ் கதவு

முதல் லாரி வந்தபோது
நீச்சல் குளம் கட்டுகிறான் என்று நினைத்தேன்.
இரண்டாவது லாரியில்
பன்றிக் கொட்டில் அளவுக்கு
ஒரே ஒரு கல்.

ட்ரெந்த நிலத்தில் மலை கிடையாது.
இருக்கிற கல்லெல்லாம்
பனி என்றோ ஸ்வீடனிலிருந்து உருட்டி வந்து
திரும்ப எடுத்துப்போக மறந்தது.
உருளைக்கிழங்கு தோண்டும் எந்திரத்தின்
பல்லை உடைப்பவை.
உழவர்கள் வண்டிச்சத்தம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள்;
சனியன் தொலைந்தால் போதும் என்றிருந்தது அவர்களுக்கு.

ஹார்ம் நாற்பது வருடம்
க்ரோனிங்கன் நகரில் லிஃப்ட் பழுது பார்த்தவன்.
ஓய்வு பெற்ற மறுவாரமே
துணிக்கொடிக்கும் அவரைப் பந்தலுக்கும் நடுவே
கற்திட்டை எழுப்பத் தொடங்கினான்.
மூன்று சோடி நிறுத்துகல்,
மேலே மூன்று மூடுகல்,
ராட்சதர் கட்டில் என்று
பள்ளியில் படம் வரைந்தோமே, அது.

யார் செத்தது என்று கேட்டேன்.
"இன்னும் ஒருத்தரும் இல்லை" என்றாள் அவன் மனைவி ஹிலகீன்,
ஈரப் போர்வையைக் கல்மேலேயே விரித்துக்கொண்டு.

நகராட்சிக்குப் புகார் எழுதியவன் நான்தான்.
மறைக்க என்ன இருக்கிறது.
வேலிச்செடி வெட்டிய தகராறில்
ஒன்பது வருடமாய் நாங்கள்
முகம்பார்த்துப் பேசியதில்லை.
விண்ணப்பத்தில் 'கட்டுமானத்தின் பயன்' என்ற கட்டத்துக்குள்
'நிற்பது' என்று எழுதிக் கொடுத்தானாம்.
அதிகாரி முத்திரை குத்திவிட்டார்.

கிரேன் வேண்டாம் என்றான்.
உருட்டுக்கட்டை, கயிறு, கடப்பாரை,
ஒரு வாளி சோப்புத் தண்ணீர்.
ஒரு சாண் நகர ஒரு பகல்.
சமையலறைச் சன்னலில் நின்று
அவன் தோற்பதற்காகக் காத்திருந்தேன்.
ஆகஸ்ட் முழுக்க என் காபி ஆறியது.
கடைசி மூடுகல்
அவன் சுண்டுவிரல் நகத்தை வாங்கிக்கொண்டு
உட்கார்ந்தது.

அன்று என் நாயைக் காணோம்.
வேலியைக் குடைந்து ஒரு பொத்தல்.
குனிந்து பார்த்தேன்:
கல்லைக் கண்டேன், நாயையும் கண்டேன்,
உள்ளே குளிர்ச்சியாய்ப் படுத்திருந்தது.
பக்கத்தில் ஹார்ம், கையில் திசைகாட்டி,
என் கராஜைப் பார்த்தபடி.

வருடத்தின் மிகக் குட்டைப் பகலில்
விடியும் வெயில் வாசல்வழி நுழைய வேண்டுமாம்.
பழைய கட்டில்கள் அப்படிக் கேட்பதில்லை;
இது இவன் ஆசை.
கோணம், பாகை எல்லாம் சரி.
கணக்கில் என் கராஜ் மட்டும் இல்லை.

"விடு" என்றான். நாயிடமா என்னிடமா தெரியவில்லை.
ஒன்பது வருடத்தில் முதல் சொல்.

டிசம்பர் இருபத்தொன்று.
எட்டு மணிக்கும் இருட்டு.
காரைத் தெருவில் விட்டேன்,
கண்ணாடிப் பனியைச் சுரண்டக்கூட இல்லை.
முன்பக்க ஷட்டரை ஏற்றினேன்.
பின்கதவு துருப்பிடித்திருந்தது;
உதைத்துத் திறந்தேன்.

எட்டே முக்காலுக்கு
எதிர்வயலின் விளிம்பிலிருந்து
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கிளம்பி
என் கராஜுக்குள் வந்தது.
காய்ந்த பெயிண்ட் டப்பாக்கள்,
மகள் விட்டுப்போன மூன்று சக்கர சைக்கிள்,
காற்றிறங்கிய படகு,
எல்லாவற்றையும் ஒருதரம் தொட்டுவிட்டு
பின்கதவால் வெளியேறி
நாய் போட்ட பொத்தலில் புகுந்து
கல்லுக்குள் போனது.

உள்சுவரில் ஒரு கை அகலம்.
பதினோரு நிமிடம்.
பிறகு மேகம்.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது,
நன்றி என்றெல்லாம் இல்லை:
"அந்தப் பெயிண்ட் அலமாரி
ஓரத்தில் கொஞ்சம் மறைக்கிறது."

"அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றேன்.

அன்று மதியமே நகர்த்தினேன்.
அவனிடம் சொல்லவில்லை.