லேபிளில் இருந்த கடல்

புட்டியின் முதுகில் பொடி எழுத்து:
கருநீலக் கனிகள், கொஞ்சம் புகை,
கடைசியில் கடற்காற்றைப் போல் ஓர் உப்பு.
அதற்கும் கீழே, இன்னும் பொடியாக,
திராட்சை விளைந்த ஊர்: கெலமங்கலம்.

கெலமங்கலத்துக்கு ஏதுடி கடல் என்றாள் சகாயராணி.
பாலக்கோடு மின்வாரியத்தில் எனக்கு அடுத்த மேஜை.
ஆளுக்கொரு நாள் லீவு காலாவதியாகக் காத்திருந்தது.
போய்க் கேட்டுவிடலாம் என்றேன்.

காலை ரயில். ராயக்கோட்டையில்
தக்காளிக்காரி ஒருத்தி
காலிக் கூடையை என் மடியில் இறக்கிவிட்டு
போனில் யாரையோ தெலுங்கில் திட்டினாள்.
கிலோ நாலு ரூபாய் என்பது மட்டும் புரிந்தது.
ஜன்னலில் பாறைகள்.
படுத்த பாறை, குந்திய பாறை,
ஒன்றன்மேல் ஒன்றை வைத்துவிட்டு
யாரோ டீ குடிக்கப் போய்விட்ட பாறை.

ஸ்டேஷனில் ஆட்டோ இல்லை.
பால் வண்டிக்காரர் கேன்களை ஓரம் தள்ளினார்.
தோட்டத்தில் என்ன வேலை?
சும்மா பார்க்க.
அப்புறம் வழியெல்லாம் கண்ணாடியில்
எங்களைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

பந்தலுக்குள் குனிந்துதான் போக வேண்டும்.
கல்தூண், கம்பி, இலை, இலைக்கு மேல் வெயில்.
கீழே வந்து சேர்வதற்குள்
வெயில் வாழைத்தண்டு நிறமாகிவிடுகிறது.
குலைகளின் மேல் வெள்ளையாய் ஒரு மாவு;
தொட்டேன், என் ரேகை பழத்தில் விழுந்தது.
குருவி விரட்டக் கட்டிய பழைய கேசட் நாடா
ஒரு பாட்டும் பாடாமல் பளபளத்தது.

திம்மராயப்பா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒன்பது வருஷமாய் லாரியில் ஏற்றுகிறார்.
இறங்கிய இடத்தில் அது என்ன ஆனதென்று
இன்றைக்குத்தான் பார்க்கிறார்.
விலையைக் கேட்டார். எண்ணூற்று நாற்பது.
எனக்குக் கிலோ முப்பத்தொண்ணு என்றவர்
அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல்
விரல் கணுக்களில் ஏதோ எண்ணி
பாதியில் விட்டுவிட்டு
டம்ளரை நீட்டினார்.

மூன்று எவர்சில்வர் டம்ளர்.
சகாயராணி முதலில் கண்ணை மூடிக்கொண்டாள்.
நாற்பது வருஷமா வரிசையில நிக்கிறேன்,
எனக்கு அப்பம் மட்டும்தான்,
ரசம் சாமியாருக்கு, என்றாள்.
குடித்தாள். இருமினாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

நான் லேபிளைப் படித்துக் காட்டினேன்.
கடல் என்றதும் கௌரம்மா சிரித்தார்.
திம்மராயப்பா சிரிக்கவில்லை.
உப்பு சரிதான், என்றார்.
மோட்டாரைப் போட்டு
குழாயை என் பக்கம் திருப்பினார்.
குடிச்சுப் பாரும்மா.
ஆயிரத்து நூறு அடி.
முந்நூறுல தித்திப்பா இருந்துச்சு.

குடித்தேன்.
நாக்கின் ஓரத்தில், கடைசியில்,
எழுதியிருந்த அதே இடத்தில், வந்தது.

இந்தத் தண்ணியில குழம்புக்கு உப்பு மிச்சம்,
பருப்புதான் வேகாது என்றார் கௌரம்மா.
களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்.
கொட்டை வெந்திருந்தது.
அதற்கு மட்டும்
எங்கிருந்தோ கேன் தண்ணீர் வாங்கியிருக்கிறார்
என்று பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் பந்தலடியில் சாக்கு விரித்துப் படுத்தோம்.
சகாயராணியின் குறட்டைக்கு
ஒரு தவிட்டுக்குருவி பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை.
வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போக
எவ்வளவு நேரமாகும் என்று
முதல்முறையாகப் பார்த்தேன். ரொம்ப நேரம்.

கிளம்பும்போது காலிப் புட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
மோட்டார் ரூம் ஜன்னலில்,
ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்
எழுத்து தெரியும்படி வைத்தார்.
லாரிக்காரன் வந்தா படிக்கச் சொல்லணும்.

திரும்பும் ரயிலில் மடி நிறைய திராட்சை,
தோல் புளிப்பு, கொட்டை கசப்பு,
ரெண்டு பேர் நாக்கும் நாவல் நிறம்.
மாரண்டஅள்ளியில் விளக்கு போட்டார்கள்.
நீ கடல் பார்த்திருக்கியா என்று கேட்டாள்.
ஒரு தடவை.
கால் மட்டும் நனைத்தேன்.
அவ்வளவுதானா என்றாள்,
கொட்டையை ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு.