மேடு பார்த்து நின்றால்

என் பட்டறையில் அது ஒருநாளும் அடம் பிடித்ததில்லை.
சாவியைத் தொட்டால் போதும்,
எழுபத்து நாலாம் வருடத்துப் பேஜோ
ஒரு தும்மலோடு எழுந்துகொள்ளும்.
"பார்த்தீர்களா, ஒன்றுமில்லை" என்பேன்.
எர்மிந்தா என்னைப் பார்ப்பார்,
வைத்தியரின் வாசலை மிதித்ததும்
காய்ச்சல் விட்டுப்போன பிள்ளையின் தாயைப் போல.

பேட்டரி மாற்றினேன்.
ஸ்டார்ட்டரைப் பிரித்துக் கார்பன் மாற்றினேன்.
சாவி ஸ்விட்சையும் மாற்றி
அதற்கும் காசு வாங்கினேன்.
(எழுதக் கூசுகிறது.)

இரண்டு வாரம் சமர்த்தாக ஓடும்.
பிறகொரு சனிக்கிழமை, துறைமுகத்துப் பனி
கிரேன்களை விழுங்கிவிட்ட நேரத்தில், தொலைபேசி:
"டக்கென்று ஒரே சத்தம். விளக்கெல்லாம் மங்கிவிட்டது."
எங்கே நிற்கிறது?
"மேலே."

வால்பரைசோவில் எல்லாமே மேலேதான்,
என் பட்டறையையும் கடலையும் தவிர.
ஆனால் எர்மிந்தாவின் 'மேலே' ஒன்றே ஒன்று:
மஞ்சள் தகரம் அடித்த பௌதிலியோவின் வீடு.
மருந்துக்கடை வாசலில் நின்றது உண்டா? இல்லை.
தங்கை வீட்டில்? இல்லை.
ரொட்டி வாங்க நின்ற வரிசை
எனக்கு முன்பே நோயைக் கண்டுபிடித்துவிட்டது:
"வண்டிக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது.
அந்த அம்மாவுக்குத்தான் இறங்க மனமில்லை."

யெர்கோவை அனுப்பினேன்.
தெருமுனைச் சமதளம்வரை பின்னால் உருட்டிவிட்டுச்
சும்மா சாவியைத் திருப்பினானாம்.
"எடுத்துக்கொண்டது முதலாளி, பேய் வண்டி."
அவன் கையில் விடையைக் கொண்டுவந்து கொடுத்தான்.
நான் அதில் கை துடைத்துப் போட்டேன்.

மறுமுறை பணம் எண்ணி வைத்த கையில்
சுட்டுவிரலுக்குக் கட்டு.
"இதுவா? சோக் குமிழ் சுட்டுவிட்டது.
கிளம்பாத நாளில் மட்டும் கொதிக்கும்.
இதெல்லாம் சொல்லவேண்டிய விஷயமா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மின்சாரம் வீடு திரும்பியாக வேண்டும்.
அகலமான பாதை அடைபட்டால்
சந்துபொந்தெல்லாம் நுழைந்து பார்க்கும்.
ஸ்டார்ட்டர் குடிக்கும் அத்தனையும்
தையல் ஊசிப் பருமன் சோக் கம்பி வழியே.
குருவி தலையில் பனங்காய்.

அன்றே மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு
அவரோடு மலையேறினேன்.
கீழே அளந்தபோது அரைக்கால் வோல்ட்.
மஞ்சள் வீட்டு வாசலில்
மூக்கை வானத்துக்குத் தூக்கி நிறுத்திச்
சாவியைத் திருப்பச் சொன்னேன்:
ஒன்பது.

அடியில் புகுந்தேன்.
பௌதிலியோ டார்ச் பிடித்தார்.
எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்து
மேட்டில் நின்றால் எஞ்சின் பின்னால் சாய்கிறது,
விருந்துக்குப் பின் மாமனார் சாய்வதுபோல.
அது சாயச்சாய
உடம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே பின்னிய எர்த் பட்டை
இழுபடுகிறது.
கிரீஸை வழித்தேன்.
உள்ளே பச்சை பூத்து, நூறு இழை அறுந்து,
ஏழோ எட்டோ மிச்சம்.
சமதளத்தில் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்,
என் தளம் சமதளம்.

"அப்படியென்றால் இனிமேல்..."
என்றார் பௌதிலியோ. டார்ச் லேசாக ஆடியது.
"எப்போது திருப்பினாலும் எடுக்கும்" என்றேன்.
"நல்லது" என்றார்.
அவ்வளவு மெதுவாக ஒருவர் நல்லது சொல்லி
நான் கேட்டதில்லை.

ஒரு முழம் பட்டை, இரண்டு போல்ட், ஒரு ரப்பர்.
சாவி ஸ்விட்சின் காசைக் கழித்துக்கொண்டேன்.
பழைய பட்டையை எர்மிந்தா கேட்டு வாங்கிச்
செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்தார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனி, வேறொரு வண்டிக்காக
அந்தத் தெரு வழியே ஏறினேன்.
மணி பதினொன்று.
மேடு பார்த்து நின்றது பேஜோ.
பானெட் மூடியிருந்தது.
பின்சக்கரம் இரண்டுக்கும்
நிதானமாகத் தேடி எடுத்த அண்டைக்கல்.
எனக்கு யாரும் தொலைபேசவில்லை.