பிடியரிசி

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
தகரக் கூரைக் கோயில்.
செவ்வாய்தோறும் கஞ்சி காய்ச்சுகிறேன்.

வீடுவீடாய் வந்த பிடியரிசி:
சம்பா, பச்சரிசி, மலையாளத்து மட்டை, ரேஷன்.
ஒன்று குழையும்போது
ஒன்று விறைத்து நிற்கும்.
உபதேசியார் ஜெபம் நீண்டால்
எல்லாம் குழைந்துவிடும்.

கூலிக்கு மீன் சுமந்த லீலாபாய்
ஆறு மாதம்
மூன்று பிள்ளைகளோடு கடைசிப் பந்தியில் இருந்தாள்.
இளையவன் ஊதாமலே குடிப்பான்.
தூக்குவாளியை
முந்தானைக்குள் வைத்துத்தான் கொண்டுபோவாள்.

மழைக்குப் பிறகு காணவில்லை.
சொந்தக் கூடையாம்,
பாறசாலைப் பக்கம் விற்கிறாளாம்.

இன்று அரிசி களைகையில்
விரலில் ஒட்டியது
ஒரு மீன் செதில்.

எடுத்து எறிந்தேன்.
கொதித்த பிறகு
மூடியைத் திறந்து
ஒருமுறை மோந்து பார்த்தேன்.