மாதிரி எண் பதினேழு

குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குள்,
கல்லூரியின் பின்கட்டில் இருக்கிறது விலங்கு அறை.
உமி மாற்றுவேன். தண்ணீர் நிறைப்பேன். எடை எழுதுவேன்.
பிக்ரிக் அமிலத்தில் பஞ்சை நனைத்து
ஒன்றுக்குத் தலையில், இரண்டுக்கு வலக்காலில்,
மூன்றுக்கு வாலில் மஞ்சள் வைப்பேன்.
நான்குக்குத் தலையிலும் வாலிலும்.
ஐந்துக்கு ஒன்றும் கிடையாது,
ஒன்றும் இல்லாததுதான் ஐந்து.

பெயர் வைக்கக் கூடாது. வைக்கவில்லை.
ஆனாலும் என் சட்டைக்கை ஓரத்தைக் கடிப்பது
மூன்று என்று தெரியும்.

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் வந்தது மாதிரி:
விசைப்படகு வின்ச்சுக்கான கியர் ஆயில்.
தேன் நிறம்.
மூடியைத் திறந்ததும் அறைக்குள் என் அண்ணன் வந்து நின்றான்.
முட்டத்தில் ஜெரால்டு அதை முழங்கைவரை பூசிக்கொண்டுதான்
உச்சிச் சோற்றுக்கு உட்காருவான்.
அவன் எடையை யாரும் எழுதியதில்லை.

கிலோவுக்கு இரண்டு கிராம்.
இருநூற்றுப் பத்து கிராம் எலிக்கு
அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைய.
முதுகை மழித்து, தடவி, துணி வைத்து, டேப் சுற்றி
இருபத்துநாலு மணி நேரம்.
கூண்டுக்கு ஒன்றுதான்.
"சேர்த்துப் போட்டா நக்கிரும்" என்று
டாக்டர் விமலகுமாரி முதல் நாளே சொல்லியிருந்தார்.

ராத்திரி ஒன்பதுக்குக் கரண்டு போயிற்று.
பேச்சிப்பாறைப் பக்கமிருந்து காற்று.
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.
டார்ச் வெளிச்சத்தில்
ஐந்து மூலைகளில் ஐந்து மழித்த முதுகுகள்
நடுங்கின.

எடுத்தேன். ஒரே கூண்டில் போட்டேன்.
ஒன்றின்மேல் ஒன்று ஏறி
ஒரு பஞ்சுப் பொதியாகி
மூச்சு ஒன்றானபோது
நானும் நாற்காலியில் தூங்கிவிட்டேன்.

காலையில் டேப் துண்டுதுண்டாக உமியில் கிடந்தது.
முதுகுகள் குளிப்பாட்டின பிள்ளைகள்போல் சுத்தம்.
ராத்திரி முழுக்க ஒன்றை ஒன்று
துடைத்துவிட்டிருக்கின்றன, நாக்கால்.
எண்ணெய் அத்தனையும் வயிற்றில்.
மூன்றுக்குக் கழிச்சல். ஐந்துக்கு மயிர் சிலிர்த்து நின்றது.
ஒன்றும் சாகவில்லை.

டாக்டர் திட்டவில்லை.
"தோல் சோதனையும் இல்லாம ஆச்சு,
வாய்ச் சோதனையும் இல்லாம ஆச்சு."
தாளின் குறுக்கே சிவப்புக் கோடு.
பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே,
"இன்னும் அஞ்சு வரச் சொல்லு."

பதினாலாம் நாள் எப்படியும் அறுக்க வேண்டியவைதான்.
நான் அதை இரண்டாம் நாளாக்கினேன்.
வாயுப் பெட்டிக்குத் தூக்கும்போது
மூன்று சட்டைக்கையைக் கடித்தது, வழக்கம்போல.

திருவனந்தபுரத்திலிருந்து புதுசு ஐந்து வந்தன.
கூண்டுக்கு ஒன்று. மழை பெய்தது,
கரண்டும் போயிற்று, தொடவில்லை.
பதினாலாம் நாள் அறுத்துப் பார்த்தோம். ஈரல் நல்ல நிறம்.
"மரணம்" என்ற கட்டத்தில்
சுழியம் போட்டது என் கை.
அது எண்ணெயைப் பற்றிய கேள்வி,
பதில் சரிதான்.

தை மாசம் ஜெரால்டு போன் செய்தான்.
புதுசா ஒரு ஆயில் இறங்கியிருக்கு லே,
தேன் மாதிரி, கை அரிக்கவே இல்லை.
கழுவிட்டுச் சாப்பிடு என்றேன்.
பின்னால் வின்ச் உறுமிக்கொண்டிருந்தது.
"பின்னே? என் கையை
வேற யாருலே வந்து நக்கப் போறா?"
என்று சிரித்தான்.