0417, இரண்டாம் முறை

எனக்கு முகங்கள் தெரியாது.
மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கிவரும்,
ஒரு கண்ணாடித் துண்டு,
ஒட்டிய தாளில் ஓர் எண்.
மற்றதெல்லாம் ஒந்தீனா சொல்லித்தான்.
அவள் மேலே ஊசி போடுகிறவள்.
மதியத்தில் மாத்தேயோடு கீழே வருவாள்,
ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், இருவருக்கும்.
இப்படிக் குடித்தால் தொற்றுமா என்று
வாரம் ஒருவராவது கேட்கிறார்கள்.
தொற்றாது. கழிப்பறை இருக்கையிலிருந்தும் வராது.
பாவம் அந்த இருக்கை,
எத்தனை பேருடைய பழியைச் சுமக்கிறது.

ஜூலை. மொந்தேவீதேயோவில் குளிர் உச்சம்.
ஆற்றுக்காற்று செர்ரோ குன்றின் தகரக்கூரைகளைத்
தட்டித் தட்டிப் பார்த்த வாரத்தில்
0417 முதலில் வந்தது.
எவாரிஸ்தோ, இரவுப் பேருந்து ஓட்டுகிறவன்.
மூன்று நாளாகச் சிறுநீர்
கண்ணாடித் தூளாக இறங்குகிறதாம்.
உள்ளாடையில் மஞ்சள் கறை.
கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும்
கழிப்பறைக்குப் போகப் பயந்து
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தானாம்.

சாயம் ஏற்றினேன், கழுவினேன், லென்சுக்குக் கீழே வைத்தேன்.
வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்
இளஞ்சிவப்பாய், இரண்டிரண்டாய்,
காப்பிக்கொட்டையின் இரு பாதிகள்போல
ஒன்றையொன்று பார்த்தபடி.
கொனோரியா.
தனியாக இருக்கத் தெரியாத உயிர்.
பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.
இதை ஒந்தீனாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஒரே ஊசி. ஏழு நாள் விலகல்.
"வீட்டுலயும் சொல்லுங்க, அவங்களும் வரட்டும்."
தலையாட்டினானாம்.
தலையாட்டல் ஒரு மொழி.
அதில் 'ஆம்' என்ற சொல்லே கிடையாது.

ஆறாம் வாரம் மறுபடியும் 0417.
படிக்கட்டு வழியே அவன் குரல் எனக்கே கேட்டது:
மருந்து போலி, ஊசி போலி,
நீங்கள் எல்லோருமே போலி.

சந்தேகத்துக்கு அதன் மரியாதையைக் கொடுக்க வேண்டும்.
சாக்லேட் நிறத் தட்டில் கிருமியை வளர்த்து
மேலே மருந்து வில்லைகளை வைத்தேன்.
மறுநாள்
வில்லையைச் சுற்றி அகன்ற வட்டம்,
ஒன்றுமே முளைக்காத நிலம்.
மருந்து பொய் சொல்லவில்லை.

"அது திரும்பி வரல," என்றாளாம் ஒந்தீனா,
"அது இருக்கிற இடத்துக்கு நீங்கதான் திரும்பிப் போயிருக்கீங்க."
"அவளுக்கு ஒண்ணுமே இல்லையே, வலிகூட இல்ல!"

அதுதான்.

வியாழக்கிழமை நொயேலியா வந்தாள்.
மீன் உறைகிடங்கில் வேலை, ரப்பர் பூட்ஸ் கழற்றாமல்.
வலி இல்லை. எரிச்சல் இல்லை.
இரண்டு மாதவிடாய்க்கு நடுவே ஒரு துளி ரத்தம் மட்டும்,
அது குளிரால் என்று நினைத்திருந்தாள்.
அவள் கண்ணாடித் துண்டில் நெடுநேரம் தேடினேன்,
கண் நீர் கோத்தது, எதுவும் அகப்படவில்லை.
பெண்களின் துண்டு பல சமயம் வாய் திறப்பதில்லை.
இயந்திரத்திடம் கொடுத்தேன்.
அது மரபணுவைப் பெருக்கிப் பெருக்கிக் கேட்கும்.
மாலை நாலரைக்குத் திரையில்
ஒரு கோடு தரையிலிருந்து மெல்ல எழுந்தது.

"யார்கிட்டயிருந்து யாருக்கு?"
ஒந்தீனாவிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.
கோட்டில் அது எழுதியிருக்காது.
எப்போதிலிருந்து என்பதும்.

இருவருக்கும் ஒரே நாளில் ஊசி,
அடுத்தடுத்த அறைகளில்.
மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரச் சொல்லி
இருவர் கையிலும் தேதி எழுதிய சீட்டு.

அந்தத் தேதியில் ஒரே ஒரு குழாய்தான் இறங்கிவந்தது.
0452. அவளுடையது.
'சுத்தம்' என்று இங்கே நாங்கள் எழுதுவதில்லை,
அழுக்கென்று யாரையும் முன்பு எழுதவில்லை என்பதால்.
'கண்டறியப்படவில்லை' என்று தட்டினேன்.
பக்கத்துக் குழியை
சாயங்காலம் வரை காலியாக வைத்திருந்தேன்.
பிறகு வேறோர் எண் வந்தது.