நொய்

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம்
பிடி அளக்கும் கருவியை அவர் கையில் கொடுத்தேன்.
'கைகுலுக்குற மாதிரி இல்ல சார்,
பஸ்ல கம்பியைப் பிடிக்கிற மாதிரி.'
முள் பதினாலு கிலோவில் நின்று நடுங்கியது.
துளசிராம் சிரித்தார்.
'பதினாலுதானா? எங்க மண்டியில
இதுக்கெல்லாம் பில்லே போடமாட்டோம்.'

ஐம்பத்தேழு வயசு.
கீழமாசி வீதியில் முப்பது வருசக் கணக்கர்.
ஆறு மாதத்தில் குறைந்த ஒன்பது கிலோவை
வேட்டி மடிப்புக்குள் சுருட்டி மறைத்திருந்தார்.
கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழச் சொன்னேன்.
மூன்றாவது தடவை
'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்றார்,
கடன் சொல்கிறவர் போல.

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.
ஒரே சொல் எழுதினேன்: நொய்வு.
ஸ்கேன் படங்களுக்கு அடியில்
அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது.

கட்டியை எடுக்க நாலு மணி நேரம்.
தண்டுவடத்தை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவு.
பிசிறில்லாமல் வந்துவிட்டதென்று
டாக்டர் அன்றைக்கு கேன்டீனில் ரெண்டாவது வடை வாங்கினார்.
தப்பில்லை. நல்ல கை அது.
'அஞ்சே நாள்' என்றார்.

ஐந்தாம் நாள் அவரால் உட்காரவே முடியவில்லை.
பிறகு மூத்திரத்தில் கிருமி, காய்ச்சல்.
நாலு பேர் சேர்ந்து கட்டையைப் போல
ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டியும்
வால் எலும்பின் மேல் ஒரு சிவப்பு
நாலணா அகலத்தில் வந்து
எட்டணா ஆனது.
பத்தாம் நாள் ராத்திரி ட்யூபை இழுத்துக்கொண்டு
ஃபேனுக்குக் கணக்கு ஒப்பித்தார்:
'துவரை நாப்பத்தெட்டு மூட்டை.
வாடிப்பட்டி லாரி இன்னும் வரல.'
மனைவியைப் பார்த்து,
'யாரும்மா? பாக்கி கேக்க வந்தீங்களா?'
கமலாபாய் வராந்தாவுக்குப் போய்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.
'ஆமா, பாக்கிதான்' என்று
கால்மாட்டில் உட்கார்ந்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒச்சம்மா.
அதே கட்டி, அதே டாக்டர், அதே வாரம்.
எழுபத்தொண்ணு. சித்தாள் வேலை.
மூன்றாம் நாள் என்னைத் திட்டிக்கொண்டே
பாத்ரூம் வரை நடந்தவள்
ஆறாம் நாள் செக்கானூரணி பஸ் ஏறிவிட்டாள்.
விரிப்பு மாற்றிய அந்தக் கட்டிலைப் பார்த்தார் கமலாபாய்.
அப்புறம் என்னை.
ஒன்றும் கேட்கவில்லை.

திருப்பூரிலிருந்து மகன் ஃபோனில் கேட்டான்:
'கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு அங்க?'
காற்று மெத்தைக்கு நாள் வாடகை ஓடியது.
சீட்டில் எழுதிய முட்டை வெள்ளைக்கருவை
அந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை.
பயறு வேகவைத்து மசித்துக் கொண்டுவந்தார் கமலாபாய்.
நாலு கரண்டி. நல்ல நாளில் ஐந்து.

புத்தி தெளிந்த ஒரு காலையில்
கஞ்சிக் கரண்டியை உற்றுப் பார்த்தார்.
'நொய்' என்றார்.
'எல்லாரும் ஆலைக்காரனத்தான் ஏசுவாங்க.
காயப்போட்ட களத்துலயே கீறல் விழுந்திருக்கும்.
கையில எடுத்தா முழு அரிசிதான்.
வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்.'
பேச்சுக்கே மூச்சு வாங்கியது.
நான் தூக்கிப் பார்த்தவள்.
பார்த்ததைத் தாளிடம் மட்டும் சொன்னவள்.

இருபத்து மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ்.
மறுபடியும் கருவியைக் கொடுத்தேன். பன்னிரண்டு.
கட்டி இல்லாத பன்னிரண்டு.
வாக்கரில் பதினேழு அடி, நடுவில் ஒரு நிறுத்தம்.
'வீட்ல மாடிப்படி இருக்கா?'
'பதினொண்ணு' என்றார் கமலாபாய்.
'கீழ் போர்ஷன தையக்காரங்களுக்கு விட்ருக்கோம்.'
'மூணு மாசத்துக்குக் கேட்டுப் பாருங்க.'
'எப்படிக் கேக்குறது' என்றார், வேறெங்கோ பார்த்து.
லிஃப்ட் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு முதுகு குறித்திருக்கிறது.
பிடி, பதினொன்று.
இந்தத் தடவை தாளை ஃபைலில் வைக்கவில்லை.
டாக்டர் கையில் கொடுத்தேன்.
அவர் படித்து முடிக்கிற வரைக்கும்
கதவடியில் நின்றேன்.