ஐந்து

கொளகூருக்கு மேலே, காபிப் பழம் காயும் களத்தில்
சடைச்சி உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்:
"இன்னும் எத்தனை இருக்கு?"
இதுதான் கடைசி, பதினேழு என்றேன்.

ஆடு வழங்கும் திட்டத்தில் உங்கள் மனநிறைவு.
டேப்லெட்டில் ஐந்து முகங்கள்,
அழுகையிலிருந்து சிரிப்பு வரை.
சிரிக்கிற முகத்தில் விரலை வைத்தாள்.
மண்ணோடு ரேகை கண்ணாடியில் நின்றது.

பட்டி காலி.
மூங்கில் தடுப்பில் மஞ்சள் கயிறு,
காதிலிருந்து கழற்றிய எண் வில்லை.
"சேலத்துக் கறுப்பு. நல்ல ஆடுதான்.
தை மாசப் பனி அதுக்குத் தெரியாது, பாவம்.
பதினோராம் நாள் விடியல்ல விறைச்சுக் கிடந்துச்சு.
குட்டி வயித்துக்குள்ள."

பிறகு எதற்கு ஐந்து?

"போன வருசம் ஒரு பொண்ணு வந்துச்சு, பல்லு எடுப்பா.
ரெண்டுன்னு சொன்னேன்.
அதுக்கப்புறம் அதக் காணவே காணோம்.
நீயாச்சும் வேலையில இரு."

தில்ஷாத் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள்.
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

'மற்றவை' என்றொரு பெட்டி உண்டு.
சினை ஆடு, பனியில், பதினோரு நாள், யாரைக் கேட்டு
அதற்குமேல் எழுத்து ஏறவில்லை.

ஐந்து ரோடு ஆபீஸ் சுவரில்
போன மாதச் சராசரி: நாலு புள்ளி ஆறு. பச்சை மசியில்.

கடைசி பஸ். இருபது கொண்டை ஊசி.
சிக்னல் இல்லாத வரை
அந்த ஐந்து என் மடியிலேயே இருந்தது.
ஏதோ ஒரு வளைவில் சேலத்து விளக்குகள் தெரிய
டேப்லெட் அதிர்ந்தது:
அனுப்பப்பட்டது. நன்றி.

திரையைத் துடைக்காமல் பைக்குள் வைத்தேன்.